எது டெங்கி, எது ஸிக்கா?

டெங்கி, ஸிக்கா ஆகிய இரு கிருமிகளையும் ஏடிஸ் கொசுவே பரப்புகிறது. காய்ச்சல், தோல் தடிப்பு, மூட்டுவலி என அறிகுறிகளும் ஒத்திருக்கும். ஆனால், ஸிக்கா கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். ஆகவே, இரண்டையும் பிரித்தறிவது அவசியம்.

இதற்கு உதவுவது எதிர்ப்பொருள். இது கிருமியின் குறிப்பிட்ட ஒரு பகுதியைப் பற்றிக்கொள்ளும் புரதம். எதிர்ப்பொருளைச் சுரக்கும் உயிரணு, உடலுக்கு வெளியே விரைவில் மடிந்துவிடும். புற்றுநோய் உயிரணுவோ ஓயாமல் பெருகும். 1975இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டீன் என்ற ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் இணைத்தனர். விந்தையான கூட்டணிதான்! அதனால் ஒரே வகை எதிர்ப்பொருள் தொடர்ந்து கிடைத்தது.

ஆய்வுக்கூடங்களில் பயன்படும் ‘4ஜி2’ எனும் எதிர்ப்பொருள், இவ்விரு கிருமிகளின் மேலுறைக்கும் பொதுவான பகுதியைப் பற்றுகிறது. எனவே, கிருமி இருப்பதைக் காட்டும். எந்தக் கிருமி என்று காட்டாது. அதை அறிய, ஒன்றில் மட்டுமே உள்ள பகுதியைப் பற்றும் வேறோர் எதிர்ப்பொருள் வேண்டும்.