மடக்குக் கத்தியின் தேய்மானம்



சட்டைப் பைக்குள் அடங்கிவிடும் ஒரு சிறு கருவியைப் பற்றி இன்று உங்களோடு பேச விழைகிறேன். அதுதான் மடக்குக் கத்தி. பேனாக்கத்தி என்றும் அதனை வழங்குவர். பறவையின் இறகைச் சீவி, அதனை மையில் தோய்த்து எழுதிய காலத்தில், அவ்விறகின் முனையைச் செம்மை செய்வதற்குப் பயன்பட்டமையால் அப்பெயர் வந்தது. இறகுப் பேனா மறைந்துவிட்டது. கத்தியும் அதன் பெயரும் மட்டும் நிலைத்துவிட்டன.

வட சென்னையின் கடற்கரையில் இக்கருவிக்கு இன்றும் வேலை உண்டு. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலை ஒட்டி நீளும் அப்பகுதியில் துறைமுகமும் தொழிற்சாலையும் மீனவர் குடியிருப்பும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கயிற்றை அறுக்கவும், வலை நூலைத் துண்டிக்கவும், மூட்டையின் கட்டைப் பிரிக்கவும், மின்கம்பியின் மேலுறையைச் சீவவும் ஒரு சிறு கத்தி தேவைப்படுகிறது.

ஆனால் கத்தியைக் கையில் வைத்திருப்போர் சிலருக்கு வேறொரு பழக்கமும் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதும் பேருந்துக்காகக் காத்திருக்கும்போதும் கத்தியைத் திறப்பர், மூடுவர், மீண்டும் திறப்பர். 'டக்' என்னும் அதன் ஒலி காதுக்கு இனிமையாக இருக்கிறது போலும்! ஒன்றையும் வெட்டாமல் வெறுமனே திறந்து மூடுவதால் கத்தி தேயுமா? தேயுமெனில் எங்கே தேயும்? எவ்வளவு தேயும்? இவ்வினாக்களுக்கு விடை காண்போம். விளையாட்டாகத் தோன்றும் இவ்வினாக்கள், பளுத்தூக்கியின் அடியில் நின்று உழைப்போரின் உயிரோடும் தொடர்புடையவை என்பதை இறுதியில் காண்பீர்கள்.

முதலில் கத்தியின் உறுப்புகளை அறிந்துகொள்வோம். பழைய முறையில் அமைந்த மடக்குக் கத்தியில் முக்கியமானவை மூன்று. ஒன்று அலகு. இரண்டாவது, அலகின் அடியையும் கைப்பிடியையும் இணைக்கும் தறையாணி. அலகு சுழல்வது இவ்வாணியைச் சுற்றியே. மூன்றாவது, கைப்பிடியின் முதுகில் அமைந்த எஃகு வில்தகடு. இத்தகடு அலகின் அடியை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. அலகின் அடி இரண்டு இடங்களில் தட்டையாகவும் இடையில் வளைவாகவும் வடிக்கப்பட்டுள்ளது. தட்டையான பகுதி வில்தகட்டின் முனையில் வந்து பொருந்தும்போது அலகு நின்றுவிடுகிறது. நாம் கேட்கும் 'டக்' என்னும் ஒலி அப்போது எழுவதே.

ஆகவே கத்தியைத் திறந்து மூடும்போது மூன்று இடங்களில் உராய்வு நிகழ்கிறது. ஆணிக்கும் அதன் துளைக்கும் நடுவே ஒன்று. அலகின் அடிக்கும் வில்தகட்டுக்கும் நடுவே மற்றொன்று. அலகின் பக்கங்களுக்கும் கைப்பிடியின் உள்தகடுகளுக்கும் நடுவே மூன்றாவது. வெட்டும் வேலையால் அலகின் வாய் மழுங்குகிறது; வெறுமனே திறந்து மூடுவதால் அதன் மூட்டு தளர்கிறது. மழுங்கிய வாயைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொள்ளலாம். தளர்ந்த மூட்டைச் சீர்செய்வது அத்துணை எளிதன்று.

இனிச் சிறிது கணக்குப் போடுவோம். ஒருவர் தம் வேலைக்காக நாள்தோறும் நான்கு முறை கத்தியைத் திறந்து மூடுகிறார் என்று கொள்வோம். மற்றொருவர் நிமிடத்துக்கு இருபது முறை வீதம் அரைமணி நேரம் விளையாட்டாகத் திறந்து மூடுகிறார். அவர் அறுநூறு முறை செய்துவிட்டார். முன்னவருக்கு அந்த அறுநூறு ஆக நூற்றைம்பது நாட்கள் வேண்டும்! ஐந்து மாத உழைப்பு அரைமணிப் பொழுதில் கரைந்துவிட்டது.

அந்த அறுநூறு முறையில் ஆணியின்மேல் எவ்வளவு தொலைவு உராய்ந்திருக்கும்? ஆணியின் விட்டம் 2.5 மில்லிமீட்டர் எனக் கொண்டால், அலகு அரைவட்டம் சுழலும்போது உராயும் தொலைவு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். திறப்பதும் மூடுவதும் சேர்ந்து 8 மில்லிமீட்டர். அறுநூறு முறைக்கு 4.8 மீட்டர். அலகின் அடி ஆணியைவிடப் பெரிதாகையால், வில்தகட்டின்மேல் அது உராயும் தொலைவு இதைப்போல் மும்மடங்குக்கும் மேலாகும்.

தொலைவு மிகுந்தால் தேய்மானமும் மிகும் என்பது வெளிப்படை. 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்று நம் முன்னோர் கூறினர். ஆனால் அறிவியல் இதனோடு நின்றுவிடவில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ஆர்ச்சர்டு என்பவர் 1953இல் தேய்மானத்துக்கு ஒரு விதியை வகுத்தளித்தார். தேய்ந்துபோகும் பொருளின் அளவு, உராய்ந்த தொலைவுக்கும் அழுத்தும் விசைக்கும் ஏற்ப மிகும். தேயும் பொருளின் கடினத்தன்மைக்கு ஏற்பக் குறையும். இவை மூன்றும் ஒன்றாக இருந்தாலும், உராயும் பரப்புகளின் தன்மைக்கும் அவற்றின் இடையே இருக்கும் பொருளுக்கும் தக்கபடி விடை பெரிதும் மாறுபடும். இதனைக் குறிக்க அவ்விதியில் ஓர் எண் உண்டு. எண்ணெய் பூசிய பரப்புகளில் அவ்வெண், உலர்ந்த பரப்புகளில் உள்ளதைவிட நூறு மடங்கும் ஆயிரம் மடங்கும் குறைந்துவிடுகிறது.

இதன் பொருளை ஊன்றிக் கவனியுங்கள். தூய்மையாகவும் எண்ணெய்ப் பசையோடும் இருக்கும் கத்தியை ஆயிரம் முறை திறப்பதனால் விளையும் தேய்மானம், உலர்ந்து மணல் புகுந்த கத்தியைப் பத்து முறை திறப்பதனால் விளையும் தேய்மானத்தினும் குறைவாக இருக்கக்கூடும். எத்தனை முறை திறந்தோம் என்பது ஒரு பாதி. எந்த நிலையில் திறந்தோம் என்பது மற்றொரு பாதி. பின்னதே பெரும்பாதி.

கடற்கரையில் வாழ்வோர் இதனைச் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும். மணலில் மிகுதியாக இருப்பது குவார்ட்ஸ் என்னும் கனிமம். கடினத்தன்மையைக் குறிக்கும் மோஸ் அளவையில் அதற்கு 7ஆம் இடம். கத்தியின் எஃகு பெரும்பாலும் அதற்குக் கீழேதான் நிற்கிறது. பித்தளையோ இன்னும் மென்மையானது. ஆகையால் ஒரு மணல் துகள் மூட்டுக்குள் புகுந்துவிட்டால், அது ஒரு சிறிய அரமாகிவிடுகிறது. இன்னுமொரு வியப்பு உண்டு. சில வேளைகளில் அத்துகள் மென்மையான பித்தளைத் தகட்டில் பதிந்து நிலைகொண்டு, எதிரே சுழலும் கடினமான எஃகை அறுக்கத் தொடங்கும். மென்மையானது குறைவாகத் தேய, கடினமானது மிகுதியாகத் தேயும் விந்தையைத் தொழிற்சாலைகளில் காணலாம்.

கடற்காற்றிலுள்ள உப்பு வேறொரு தீங்கை விளைவிக்கிறது. உப்பும் ஈரமும் சேர்ந்து எஃகைத் துருவாக்குகின்றன. உராயும்போது துரு உதிர்ந்து புதிய எஃகு வெளிப்படுகிறது, அதுவும் துருப்பிடிக்கிறது. உதிர்ந்த துருத்தூளோ மூட்டுக்குள்ளேயே தங்கி மேலும் அறுக்கிறது. 'அப்படியானால் கத்தியைத் திறக்காமலே வைத்துவிடுவோம்' என்று எண்ணாதீர்கள். எண்ணெய் இன்றி மூடிக் கிடக்கும் கத்தி கடற்கரை ஈரத்தில் துருவேறி இறுகிவிடும். பயன்படுத்தாமையும் ஒருவகை அழிவே.

தேய்மானம் எப்போதும் ஒரே வேகத்தில் நடப்பதன்று. புதிய கத்தியின் பரப்புகளில் கண்ணுக்குப் புலப்படாத மேடுகள் பல உண்டு. தொடக்கத்தில் அவை விரைவாகத் தேய்ந்து ஒன்றுக்கொன்று இணங்குகின்றன. கத்தி முன்னினும் மென்மையாகத் திறக்கிறது. இது நன்மையான தேய்மானம். 1950களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. அக்காலத்துப் புதிய வண்டியைத் தொடக்கத்தில் மெதுவாகவே ஓட்டிப் பழக்க வேண்டும் என்று கூறுவதன் காரணமும் இதுவே. அதன்பின் நெடுங்காலம் தேய்மானம் மிக மெதுவாக நடக்கிறது. இடைவெளி ஓர் அளவைக் கடந்துவிட்டாலோ, ஆட்டம் தொடங்குகிறது, ஆட்டத்தால் மோதல், மோதலால் மேலும் இடைவெளி, அவ்விடைவெளியில் மேலும் மணல். அப்போது தேய்மானம் ஓட்டமெடுக்கிறது.

அந்த ஆட்டம் எவ்வளவு சிறியதாகத் தொடங்குகிறது பாருங்கள். அலகின் அடி 10 மில்லிமீட்டர் அகலமுடையது. அதன் பக்கத்தில் ஒரு தலைமயிரின் பருமனாகிய 0.1 மில்லிமீட்டர் இடைவெளி உண்டாகிறது என்று கொள்வோம். அலகின் நீளம் 75 மில்லிமீட்டராயின், அதன் நுனி 0.75 மில்லிமீட்டர் ஆடும். மூட்டில் கண்ணுக்குத் தெரியாத குறை, நுனியில் கைக்குத் தெரிகிறது.

ஆட்டத்தினும் பெரிய இடர் ஒன்று உண்டு. வில்தகடு மட்டுமே அலகைத் திறந்த நிலையில் நிறுத்தி வைக்கிறது. வேறு பூட்டு இல்லை. அலகின் அடியில் உள்ள தட்டையான பகுதியின் விளிம்பு தேய்ந்து உருண்டுவிட்டால், அந்தப் பிடிப்பு தளர்கிறது. நுனியால் எதையேனும் குத்தும்போது அலகு திடீரென மடங்கி விரல்களின்மேல் விழும். பிரான்சு நாட்டின் சவாய்ப் பகுதியில் 1890இல் தோன்றிய ஒப்பினெல் கத்திக்கு, 1955இல் சுழலும் வளையம் ஒன்றைப் பூட்டாகச் சேர்த்தனர். திறந்த அலகு தானே மடங்காமல் அவ்வளையம் தடுக்கிறது.

அலகை 'டக்' என்று விசையோடு மூடவிடுவதும் தீது. அலகின் அடியில் வாய்ப்பக்கமாக ஒரு சிறு புடைப்பு இருக்கும். மூடிய நிலையில் அது வில்தகட்டின்மேல் தங்கி, கூர்மையான வாய் தகட்டில் படாதபடி காக்கிறது. ஒவ்வொரு மோதலிலும் அப்புடைப்பு சிறிது சிறிதாக நசுங்குகிறது. பின்னர் வாயே தகட்டில் மோதிப் பல்லுப்பல்லாகச் சிதைகிறது. காதுக்கு இனித்த ஒலியின் விலை இது.

கத்திக்குச் சொன்னவை யாவும் கதவின் கீலுக்கும், மிதிவண்டிச் சங்கிலிக்கும், கப்பிக்கும் பொருந்தும். 1948இல் தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்ற நிறுவனம் எண்ணூரில் செய்த லாரிகளின் ஒவ்வொரு மூட்டிலும் இதே உராய்வுதான். 1966இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் என்பவரின் தலைமையில் அமைந்த குழு, உராய்வையும் தேய்மானத்தையும் முறையாகக் கவனித்தால் அந்நாட்டுக்கு ஆண்டுக்கு 51 கோடியே 50 இலட்சம் பவுன் மிஞ்சும் என்று மதிப்பிட்டது. உராய்வியல் என்று நாம் கூறும் தனித் துறைக்குப் பெயர் கிடைத்ததும் அவ்வறிக்கையால்தான்.

பணத்தைவிடப் பெரியது உயிர். துறைமுகத்தில் பளுவைத் தூக்கும் கொக்கியும் வளையமும் அவற்றின் ஆணியும் உப்புக்காற்றிலேயே உழைக்கின்றன. அவற்றின் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருக்க இயலாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1979இல் வகுத்த 152ஆம் உடன்படிக்கை, பளுத்தூக்கிகளைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறையேனும் தகுதியுடையவர் முழுமையாக ஆராய வேண்டும் என்கிறது. கப்பலிலேயே அமைந்த பளுத்தூக்கிகளை ஐந்தாண்டுக்கு ஒரு முறையேனும் மீண்டும் சோதிக்க வேண்டும் என்கிறது. தேய்மானத்தை நம்மால் முற்றிலும் நிறுத்த முடியாது. ஆனால் அது எந்த அளவில் இருக்கிறது என்பதை அறிந்துகொண்டே இருக்க முடியும்.

அந்தப் பழக்கத்தை ஒரு சிறு கத்தியில் தொடங்கலாம். வீட்டில் பெரியவர் துணையோடு செய்யுங்கள்; கத்தி பள்ளிக்கு எடுத்துச் செல்லும் பொருளன்று. அலகை முழுவதும் திறந்து, மூட்டை நல்ல தண்ணீரில் கழுவி மணலையும் உப்பையும் போக்குங்கள். நன்றாக உலர்த்துங்கள். தையல் இயந்திரத்துக்கு இடும் எண்ணெயில் ஒரு துளியை மூட்டில் விடுங்கள். நல்லெண்ணெய் வேண்டா, அது நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அலகை மெல்லப் பத்து முறை திறந்து மூடுங்கள். கருநிறமான எண்ணெய் வெளிவரும். தேய்ந்த உலோகமும் துருவும் கலந்தது அது. துணியால் துடைத்துவிட்டு, எண்ணெய் தெளிவாக வரும்வரை மீண்டும் செய்யுங்கள். உணவுப் பொருளை அறுக்கும் கத்தியாயின் அலகில் எண்ணெய் சிறிதும் தங்காமல் துடைத்தல் வேண்டும். முடிவில் அலகின் முதுகைப் பற்றிப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆட்டம் மிகுந்திருந்தாலும், திறந்த அலகு உறுதியாக நில்லாவிட்டாலும், அக்கத்தியை வேலைக்குப் பயன்படுத்தாமல் அறிந்த கொல்லரிடம் காட்டுங்கள். நீங்களே ஆணியைச் சுத்தியால் அடித்து இறுக்க முற்படாதீர்கள்.

கத்தியைத் திறந்து மூடுவதே குற்றம் என்று நான் கூறவில்லை. எண்ணெய் மூட்டுக்குள் பரவுவதற்காகத் திறக்கும் அந்தப் பத்து முறை கத்தியின் ஆயுளை வளர்க்கிறது. கைக்கு வேறு வேலை இல்லாமையால் திறக்கும் அறுநூறு முறை அதைக் குறைக்கிறது. செயல் ஒன்றே, கருத்தோடு செய்வதும் கருத்தின்றிச் செய்வதும் வேறு. நாளை கொக்கியும் கப்பியும் உங்கள் பொறுப்பில் வரலாம். அவற்றின் அடியில் நிற்போரின் உயிரும் அப்போது உங்கள் கையில் இருக்கும். ஒரு துளி எண்ணெயையும் ஒரு நொடிச் சோதனையையும் இன்றே பழகிக்கொண்டவர்களுக்கு அப்பொறுப்பு சுமையாகத் தோன்றாது.