மகிழுந்து ரேடியேட்டரை வீட்டிலேயே மாற்றுதல்

ரேடியேட்டர் என்பது மகிழுந்து எஞ்சினில் உண்டாகும் வெப்பத்தை வெளிக்காற்றில் கலக்கச் செய்யும் கருவி ஆகும். கதிர்வீசி என்ற தமிழ்ப் பெயரும் உண்டு. எனினும் தென்காசி, செங்கோட்டைப் பட்டறைகளில் ரேடியேட்டர் என்றால்தான் புரியும் என்பதால் அச்சொல்லே இங்கு கையாளப்படுகிறது. பெயர் சுட்டுவது போல வெப்பம் இதிலிருந்து முக்கியமாகக் கதிர்வீச்சால் வெளியேறுவதில்லை. நீரிலிருந்து உலோகத் தகட்டுக்கும், தகட்டிலிருந்து ஓடும் காற்றுக்கும் கடத்தப்பட்டே வெளியேறுகிறது. பள்ளியில் படித்த வெப்பப் பரவல் பாடத்தை நினைவுகூர்ந்தால் இதன் வேலை எளிதில் விளங்கும்.

இயங்கும் விதம்

எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, குளிர்விக்கும் நீர் வழியாக வெளியேற வேண்டியிருக்கிறது. வாட்டர் பம்ப் இந்நீரை எஞ்சினுக்குள் சுற்றவிடுகிறது. வெப்பம் 80 டிகிரி செல்சியசைச் சற்றுத் தாண்டியதும் தெர்மோஸ்டாட் என்னும் அடைப்பு திறந்து, நீர் ரேடியேட்டருக்குள் செல்கிறது. மூடி சும்மா மூடி அன்று. அது ஓர் அழுத்த வால்வு. பல சிறிய கார்களில் அது ஏறத்தாழ 0.9 கிலோ அழுத்தத்தைத் தாங்கும். அந்த அழுத்தத்தில் வெறும் நீர்கூட 118 டிகிரிக்கு அருகில்தான் கொதிக்கும். வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவம் இதுவே. எனவேதான் சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கக் கூடாது. திறந்த நொடியே அழுத்தம் இறங்கி, நீர் முழுதும் ஒரே கணத்தில் பொங்கி முகத்திலும் கையிலும் அடிக்கும். துணி சுற்றித் திருகினால் போதும் என்று சிலர் சொல்வதை நம்பக் கூடாது.

குற்றாலச் சாலைகளும் ரேடியேட்டரும்

தேசிய நெடுஞ்சாலை 744 செங்கோட்டையைக் கடந்து, புளியரையிலிருந்து எஸ் வளைவுகளாக மேலேறி ஆரியங்காவு கணவாய் வழியே புனலூர் செல்கிறது. ஆள் நிறைந்த கார், ஓடும் ஏ.சி., முன்னே மெதுவாக ஏறும் சரக்கு லாரி. இம்மூன்றும் சேர்ந்தால் எஞ்சின் அதிகமாக உழைக்கும். காற்றோட்டமோ குறைவாக இருக்கும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை செல்லும் வண்டிகள் இவ்வழியில் மிகுதி. சீசன் நாட்களில் ஐந்தருவிச் சாலையில் கார்கள் நகராமல் நிற்கும்போதும் இதே நிலைதான். அப்போது மின்விசிறி ஒன்றையே நம்பி எஞ்சின் நிற்கிறது. சாரல் வீசுகிறதே, எப்படிச் சூடாகும் என்று கேட்பவர்கள், ரேடியேட்டருக்குத் தேவை குளிர்ச்சி மட்டுமல்ல, காற்றின் ஓட்டமும்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு வழக்கம், வழியில் கிடைக்கும் தண்ணீரை ஊற்றுவது. ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் கெட்டில் அடியில் படிவது போலவே மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். ஆபத்துக்கு ஊற்றலாம், அதையே நிரந்தரமாக விட்டுவிடக் கூடாது.

மாற்றுவதற்கு முன்

சூடாகும் கார் எல்லாவற்றுக்கும் ரேடியேட்டர்தான் காரணம் என்று முடிவு செய்வது பணத்தை வீணாக்கும். ஹோஸ் வெடிப்பு, தளர்ந்த கிளிப், பழுதான மூடி, சுழலாத ஃபேன், திறக்காத தெர்மோஸ்டாட் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். மூடியே இவற்றுள் விலை குறைந்தது. ரேடியேட்டரின் வெளித்தகடுகளில் பூச்சியும் வைக்கோல் தூசியும் அடைத்திருந்தால், மெதுவான நீர்த்தாரையால் பின்பக்கமிருந்து கழுவினாலே போதும். எண்ணெய் பால் கலந்த தேநீர் போல மாறியிருந்தாலோ, ரேடியேட்டர் வாயில் ஓயாமல் குமிழி வந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அது வீட்டு வேலை அன்று.

அம்பாசடர் காலத்துச் செம்பு, பித்தளை ரேடியேட்டரைப் பற்றவைத்துப் பல ஆண்டு ஓட்டலாம். இன்றைய ரேடியேட்டரில் அலுமினியத் தகடுகளும், பக்கங்களில் பிளாஸ்டிக் தொட்டிகளும் உள்ளன. தொட்டி வெடித்தால் பசை பூசுவது நிலைக்காது, மாற்றுவதே சரி.

செய்முறை

கீழ்க்காண்பது மாருதி 800, ஆல்ட்டோ போன்ற சிறிய, கையால் கியர் மாற்றும் கார்களுக்குப் பொருந்தும். ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் எண்ணெய்க் குழாய்களும் ரேடியேட்டரில் இணைந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, எஞ்சின் முற்றிலும் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். இரவு நிறுத்திக் காலையில் தொடங்குவது சிறந்தது. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். சில கார்களில் சாவி இல்லாமலே ஃபேன் திடீரெனச் சுழலும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது.

அகன்ற பாத்திரம் ஒன்றை அடியில் வைத்து, கீழேயுள்ள வடிகால் திருகைத் திறக்க வேண்டும். திருகு இல்லாத கார்களில் கீழ் ஹோஸைக் கழற்றலாம். வெளிவரும் கூலண்ட் பற்றி ஓர் எச்சரிக்கை: அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை உடைய நஞ்சு. நாயும் பூனையும் நக்கிவிட்டால் சிறுநீரகம் கெட்டு இறந்துவிடும்; சிறு குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. மூடியுள்ள கேனில் ஊற்றிப் பெயர் எழுதி வைத்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுக்க வேண்டும். தெருச் சாக்கடையில் கொட்டினால் அது வாய்க்காலுக்கும் சிற்றாற்றுக்கும் போய்ச் சேரும். அந்நீர்தான் வயலுக்குப் பாய்கிறது.

பிறகு மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ரிசர்வ் டப்பாவின் சிறு குழாய், ஃபேன் மின் இணைப்பு ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். ஒட்டிக்கொண்ட ஹோஸை இழுக்காமல் மெல்லத் திருகினால் கழன்றுவிடும். மேல் தாங்கிகளின் போல்ட்டுகளை எடுத்ததும் ரேடியேட்டர் ஃபேனோடு மேலே வந்துவிடும். முன்னாலிருக்கும் ஏ.சி. கண்டென்சரையும் அதன் குழாய்களையும் தொடவே கூடாது. உள்ளே வாயு உயரழுத்தத்தில் உள்ளது.

புதியதைப் பழையதன் அருகில் வைத்து, குழாய் வாய்களும் தாங்கிகளும் ஒத்திருக்கின்றனவா எனப் பார்த்தபின் ஃபேனை மாற்றிப் பொருத்த வேண்டும். அடியிலுள்ள ரப்பர் புஷ்கள் நசுங்கியிருந்தால் புதிது போடலாம். பிளாஸ்டிக் திருகுகளை அளவுக்கு மீறி இறுக்கினால் அன்றே விரிசல் விடும். ஹோஸ் முனைகளைக் கிள்ளிப் பார்த்து, நொறுங்கினால் அவற்றையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

கூலண்டை வடித்த நீருடன் கையேட்டில் சொன்ன விகிதத்தில் கலந்து மெதுவாக ஊற்ற வேண்டும். ஏற்கெனவே கலந்து விற்கப்படுவதில் நீர் சேர்க்கக் கூடாது. காரைக்குடிக்கோ கொல்லத்துக்கோ பனி உறைவதில்லையே, கூலண்ட் எதற்கு என்ற கேள்வி இங்கே அடிக்கடி எழும். கூலண்ட் உறைவதைத் தடுப்பதோடு கொதிநிலையை உயர்த்துகிறது. அலுமினியம் அரிக்காமலும் காக்கிறது. நமக்கு வேண்டியவை இவ்விரண்டும்தான்.

பேட்டரியை இணைத்து, மூடியைத் திறந்தே வைத்து, எஞ்சினை ஆறிய நிலையிலிருந்து ஓடவிட வேண்டும். ஹீட்டர் இருந்தால் முழு வெப்பத்தில் வைக்க வேண்டும். குமிழிகள் வெளியேற மட்டம் இறங்கும். நிரப்பி, பொங்கத் தொடங்குமுன் மூடிவிட வேண்டும். ஃபேன் தானாகச் சுழன்று நிற்கும்வரை கவனித்து, ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு உண்டா எனப் பார்க்க வேண்டும். உள்ளே தங்கிய காற்று ஓரிரு நாளில் வெளிவரும் என்பதால், மறுநாளும் அதற்கடுத்த நாளும் எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டத்தைச் சரிபார்த்த பிறகே புளியரை மேடு ஏறலாம்.