அசதிக்கும் காரணம் உண்டு

போன சம்பா நடவில் பக்கத்து வயல் அக்கா வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வயது 46. நாற்றுமுடியைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது.

"என்னக்கா, உடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல தம்பி, வயசாகுதுல்ல. ராத்திரி தூங்கினாலும் காலையில அசதியாத்தான் எழுந்திரிக்கிறேன். ஒரு வருஷமா இப்படித்தான்."

அதே வாரம் அவர் வீட்டுக்காரர், நாற்று மஞ்சளடிக்கிறது என்று மூன்று தடவை என்னைத் தேடி வந்தார். தழைச்சத்துக் குறைவா, துத்தநாகக் குறைவா, தண்ணீர் தேங்கி வேர் அழுகுதா என்று உட்கார்ந்து பேசினோம். பயிர் மஞ்சளானால் காரணம் தேடுகிற நாம், வீட்டில் ஒருவர் வெளுத்துப்போனால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம்.

அக்காவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைத்தோம். ஹீமோகுளோபின் 8.2. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. மருத்துவர் கேட்ட பிறகுதான் அக்கா வாய் திறந்தார். ஒரு வருடமாக மாதவிலக்கு பத்து நாள் வரை நீடிக்கிறது, ரத்தப்போக்கும் அதிகம். "இதையெல்லாம் யார்கிட்டப் போய்ச் சொல்றது?" என்று இருந்திருக்கிறார். ஸ்கேனில் கர்ப்பப்பையில் சிறு கட்டி தெரிந்தது.

மாதவிலக்கு நிற்கப்போகும் வயதில் இது பலருக்கு நடக்கிறது. போகிற ரத்தத்தோடு இரும்புச்சத்தும் போகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது.

ஆனால் எல்லா அசதியும் ரத்தசோகை ஆகிவிடாது. உடம்பு எடை கூடி, முடி கொட்டி, மலச்சிக்கலும் குளிர் தாங்காமையும் சேர்ந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் சர்க்கரை. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம்; கை கால் மரத்துப்போவது அதன் ஓர் அடையாளம். வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்களுக்குக் கொக்கிப்புழு தொற்றிக் குடலிலிருந்து ரத்தத்தை உறிஞ்சும். ராத்திரி திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்துத் தூக்கம் கெடுவதும், மனச்சோர்வும்கூட ஆளை அசத்திப்போடும். ஒருவருக்கே இரண்டு மூன்று காரணம் சேர்ந்தும் இருக்கலாம்.

"முருங்கைக்கீரை, கம்பங்கூழ், பேரீச்சம்பழம் சாப்பிட்டா சரியாயிடும்" என்பார்கள். நல்ல உணவுதான், விடவே கூடாது. ஆனால் கீரை தானியத்தில் உள்ள இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் குறையும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். ஹீமோகுளோபின் எட்டுக்கு இறங்கிய பிறகு உணவால் மட்டும் ஏற்றுவது கடினம். இதை நம் இயக்க நண்பர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன்: "மாத்திரையும் ரசாயனம்தானே" என்று ஒதுங்க வேண்டாம். இரும்பு மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். அசதி தீர்ந்ததும் நிறுத்திவிடாமல், மருத்துவர் சொன்ன மாதம் வரை சாப்பிட வேண்டும். ரத்தம் போகிற காரணத்தையும் சேர்த்துச் சரிசெய்யாவிட்டால் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலோ, மாதவிலக்கு நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டாலோ ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

அக்கா இப்போது மாத்திரையும் கட்டிக்கு வைத்தியமுமாக இருக்கிறார். ஹீமோகுளோபின் 11-ஐத் தொட்டுவிட்டது. முக்கியமான மாற்றம் ஒன்று: காலையில் மாடு கறப்பதும் தண்ணீர் எடுப்பதும் இப்போது வீட்டுக்காரர் வேலை. "இதை முன்னாடியே செஞ்சிருக்கணும்" என்று அவரே சொன்னார்.

அடுத்த முறை மண் பரிசோதனைக்கு மண் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, வீட்டம்மாவையும் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அவர் "எனக்கொண்ணுமில்ல"ன்னுதான் சொல்வார். நீங்கள் விடாதீர்கள்.