கேள்வி கேட்கட்டும் பிள்ளைகள்!

‘புதுநன்மை வாங்கினான், உறுதிபூசுதல் வாங்கினான். அதோடு சரி! இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எழுப்பினாலே முகத்தைச் சுளிக்கிறான்.’ கிறிஸ்தவக் குடும்பங்களில் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. கல்லூரிக்குப் போன மகள், ‘இதையெல்லாம் ஏன் நம்ப வேண்டும்?’ என்று ஒருநாள் கேட்டுவிட்டால், அம்மாவுக்கு அன்று இரவு தூக்கம் வராது. அப்பா, ‘பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்’ என்று பேச்சை முடித்துவிடுவார். பல வீடுகளில் பிள்ளைக்கும் வேதத்துக்கும் நடுவே முதல் கதவு சாத்தப்படுவது அந்த இடத்தில்தான்.

இந்தக் கவலைக்குத் திருச்சியிடம் ஒரு பதில் இருக்கிறது. மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார், தெப்பக்குளத்துக்கு அருகிலேயே உயர்ந்து நிற்கும் லூர்து அன்னை ஆலயம், நத்தர்வலி தர்கா, காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் என்று எல்லாச் சமயங்களும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கிற ஊர் இது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கு வந்து படித்துப்போன தலைமுறைகள் எத்தனையோ. இங்கே இளைஞர்களிடம் விசுவாசத்தைப் பேச விரும்பியவர்கள், முதலில் காது கொடுத்துக் கேட்கப் பழக வேண்டியிருந்தது.

ஒரே ஆசான், இரண்டு மாணவர்கள்

ஜெர்மனியிலிருந்து 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர் கிறிஸ்டியன் ஃபிரடெரிக் ஸ்வார்ட்ஸ். லுத்தரன் மிஷனரி. 1762-ல் திருச்சிக்கு வந்தார். கோட்டைக்குள் அவர் எழுப்பிய கிறிஸ்து ஆலயம் 1766-ல் திறக்கப்பட்டது. பள்ளிக்கூடமும் தொடங்கினார். தமிழ் கற்றுக்கொண்டார். நவாப்பின் அரண்மனையில் பேசுவதற்குப் பாரசீகம் படித்தார். பிறகு, மராட்டியும் படித்தார். யாரிடம் பேச வேண்டுமோ அவர்கள் மொழியில் பேச வேண்டும் என்பது அவருடைய வழி.

1778-ல் அவர் தஞ்சாவூருக்கு இடம் மாறினார். அங்கே அவரிடம் இரண்டு சிறுவர்கள் வளர்ந்தார்கள். ஒருவர், திருநெல்வேலிச் சீமையிலிருந்து பன்னிரண்டு வயதளவில் அவர் அழைத்து வந்த வேதநாயகம். இன்னொருவர், தஞ்சை மன்னர் துளஜா தத்தெடுத்த பிள்ளை சரபோஜி. மன்னர் கண்மூடுமுன் அந்தப் பிள்ளையை ஸ்வார்ட்ஸின் பொறுப்பில் விட்டுச் சென்றார்.

வேதநாயகம், ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய வேதநாயகம் சாஸ்திரியாராக மலர்ந்தார். அவருடைய கீர்த்தனைகள் இன்றும் தமிழ்த் திருச்சபைகளில் ஒலிக்கின்றன. சரபோஜியோ கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். சரஸ்வதி மகால் நூலகத்தை உலகறிய வளர்த்தார். சட்டப்படியும் பாசத்தாலும் தன் கையில் இருந்த இளவரசனை மதம் மாற்றுவது ஸ்வார்ட்ஸுக்கு அரிய வாய்ப்பு என்று சிலர் நினைத்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. படிப்பைக் கொடுத்தார், அரண்மனைச் சூழ்ச்சிகளிலிருந்து காப்பாற்றினார், மற்றதைப் பிள்ளையிடமே விட்டார்.

1798-ல் ஸ்வார்ட்ஸ் மறைந்தார். அவருக்காகச் சரபோஜி மன்னர் இங்கிலாந்துச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்த பளிங்குச் சிற்பம், இன்றும் தஞ்சை சிவகங்கைப் பூங்காவையொட்டிய ஆலயத்தில் இருக்கிறது. மரணப் படுக்கையில் கிடக்கும் குருவின் அருகே மன்னர் நிற்கிறார். கல்லறைக்கு ஆங்கிலத்தில் கவிதையும் மன்னரே எழுதினார். மதம் மாறாத மாணவன் இப்படி நன்றி காட்டினான் என்றால், அந்த ஆசானின் சமயம் எப்படிப்பட்ட அன்பாக அவனை எட்டியிருக்க வேண்டும்!

கோட்டைக்குள் ஒரு தமிழ் ஆசீர்வாதம்

ஸ்வார்ட்ஸ் கட்டிய அதே கோட்டை ஆலயத்துக்கு 1826 ஏப்ரல் 3-ம் தேதி விடியற்காலையில் ஒரு விருந்தாளி வந்தார். கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் ரெஜினால்ட் ஹீபர். தமிழ்ச் சபையினரில் சிலருக்குத் திடப்படுத்தல் கொடுத்துவிட்டு, தமிழிலேயே ஆசீர்வாதம் சொன்னார். அன்றே, குளிக்கப் போன இடத்தில் உயிர் பிரிந்தது. வயது 42. திருச்சி செயின்ட் ஜான்ஸ் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். புத்தூரில் இருக்கும் பிஷப் ஹீபர் கல்லூரி அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

திடப்படுத்தல், கத்தோலிக்கர் சொல்லும் உறுதிபூசுதல் இரண்டுக்கும் உள்ள கருத்து ஒன்றுதான். கைக்குழந்தையாக இருந்தபோது பெற்றோர் சொன்ன ‘ஆம்’ என்ற பதிலை, வளர்ந்த பிள்ளை தன் வாயால் சொல்வது. யோசிக்காமல் சொல்கிற ‘ஆம்’ எத்தனை நாளைக்குத் தாங்கும்? இந்தச் சடங்குக்கு முன்னால் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்பது இதனால்தான்.

கலாமும் ஸ்ரீரங்கத்து அறைத்தோழரும்

செயின்ட் ஜோசப் கல்லூரி 1844-ல் நாகப்பட்டினத்தில் இயேசு சபையினர் தொடங்கியது. 1883-ல் திருச்சிக்கு வந்தது. 1950-களின் தொடக்கத்தில் இங்கே படித்த ராமேஸ்வரத்து மாணவர் அப்துல் கலாம். விடுதியில் அவருடன் ஒரே அறையில் இருந்தவர்கள் இரண்டு பேர் என்று தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார். ஒருவர் ஸ்ரீரங்கத்து ஆசாரமான ஐயங்கார். மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். குருக்கள் நடத்திய விடுதியில் ஒரு முஸ்லிம், ஒரு வைணவர், ஒரு கிறிஸ்தவர்!

அப்படியோர் அறையில் வசிக்கும் கிறிஸ்தவ மாணவனுக்குத் தன் சமயத்தைப் பற்றிப் பேச ஒரே வழிதான் உண்டு. தான் எதை நம்புகிறோம், ஏன் நம்புகிறோம் என்று அவனுக்கே முதலில் தெரிந்திருக்க வேண்டும். நண்பன் ஏகாதசி விரதம் இருப்பதைப் பார்த்த பிறகுதான், ‘தவக்காலத்தில் நாம் ஏன் சும்மா இருக்கிறோம்?’ என்ற எண்ணமே பல பிள்ளைகளுக்கு வரும். மற்றவரின் பக்தி, தன் பக்தியைத் தேட வைக்கும்.

வாசலைத் தாண்டியவர்கள்

தேடல் சிலரை வேறு வாசலுக்கும் கொண்டுபோகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், அதே கல்லூரியில் படித்த பிராமண இளைஞர்கள் சிலர் கத்தோலிக்கரானார்கள். பிறந்த வீட்டில் இடமில்லாமல் போன அவர்களுக்காக ஏற்பட்ட குடியிருப்புதான் கல்லூரியை அடுத்துள்ள மேரிஸ் தோப்பு. ஒரு பக்கம் மனசாட்சி; மறுபக்கம் அழுதுகொண்டு நிற்கும் அம்மா. இரண்டுமே உண்மையான வேதனை. இளைஞர்களிடம் சமயம் பேசுகிற யாரும் இந்த வேதனையை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை, படித்து, விவாதித்து, தயங்கி, முப்பது வயதை ஒட்டி 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காவியம் படைத்தார். அதில் கம்பனின் நடை துள்ளுகிறது. கம்பன் தன் ராமாயணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் மண்டபம் ஸ்ரீரங்கம் கோயிலில் இருக்கிறது. அந்த வைணவத் தமிழை விட்டுவிட்டு வரும்படி கிறிஸ்தவம் அவரைக் கேட்கவில்லை. அதனாலேயே அவரைக் ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்கிறோம்.

சமயத்தை ஏற்பதில் கட்டாயம் கூடாது என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அறிவித்தது. நம் அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு தருவதும் மனசாட்சிச் சுதந்திரம்தான்.

இயேசு எப்படி நடந்துகொண்டார்?

பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் காணாமல் போன இயேசுவை, மூன்றாம் நாள் பெற்றோர் கண்டுபிடித்தபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? அறிஞர்கள் நடுவே உட்கார்ந்து, கேட்டுக்கொண்டும் கேள்வி எழுப்பிக்கொண்டும் இருந்தார் என்கிறது லூக்கா நற்செய்தி. பிற்பாடு, நிலைவாழ்வைத் தேடி வந்த செல்வந்தன் ஒருவன், சொத்தை விட மனமில்லாமல் முகம் வாடித் திரும்பிப் போனான். மத்தேயு அவனை இளைஞன் என்கிறார். இயேசு அவனை நேசித்தார் என்று எழுதுகிறார் மாற்கு. ஆனால், ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுக்கவில்லை. கண்ணால் கண்டால்தான் நம்புவேன் என்ற தோமாவையும் சீடர் கூட்டத்திலிருந்து தள்ளவில்லை. காயங்களைத் தொட்டுப் பார்க்கக் கூப்பிட்டார்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* மாற்கு நற்செய்தியில் தொடங்குங்கள். நான்கு நற்செய்திகளில் சிறியது, 16 அதிகாரங்கள்தான். நாளுக்கு ஒன்று என்றால் பதினாறே நாள். பிள்ளையும் நீங்களும் தனித்தனியே படித்துவிட்டு, புரியாததை மட்டும் பேசுங்கள்.

* விடை தெரியாத கேள்வி வந்தால், ‘எனக்குத் தெரியவில்லை, சேர்ந்து தேடலாம்’ என்று சொல்லுங்கள். பங்குத்தந்தையிடமோ, போதகரிடமோ பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். கத்தோலிக்க இளைஞர்களுக்காக 2011-ல் வெளிவந்த ‘யூகேட்’ முழுக்கக் கேள்வி-பதிலாகவே அமைந்திருக்கிறது.

* பிரசங்கம் பிடிக்காத பிள்ளைக்கு வேலை பிடிக்கலாம். பாடகற் குழு, முதியோர் இல்லத்துக்குப் போய்வருவது, வின்சென்ட் தே பவுல் சபையோடு ஏழை வீடுகளைப் பார்ப்பது, மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது என்று ஏதாவது ஒன்றில் சேர்த்துவிடுங்கள். கையால் செய்தது மனதில் தங்கும்.

* கூடப் படிக்கும் நண்பனின் சமயத்தை வீட்டில் கேலி செய்யாதீர்கள். அந்தக் கேலியைக் கேட்டு வளரும் பிள்ளை, ஒருநாள் உங்கள் நம்பிக்கையையும் அதே பார்வையில்தான் பார்ப்பான்.

* வேற்றுச் சமயத்துப் பிள்ளை ஆர்வத்தோடு ஆலயத்துக்கு வந்தால் வரவேற்கலாம்; பதில் சொல்லலாம். வயது வராத பிள்ளையாக இருந்தால், அதன் பெற்றோருக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள்.

* சிறிது காலம் கோயிலுக்கு வராமல் இருந்தால் பதறாதீர்கள். திட்டிக் கூட்டிப்போகும் ஞாயிறுகளைவிட, வீட்டில் சண்டையில்லாமல் சேர்ந்து சொல்லும் ஐந்து நிமிட ஜெபம் மேல்.

ஸ்வார்ட்ஸ் தன் இரு மாணவர்களுக்கும் ஒரே அன்பைத்தான் கொடுத்தார். ஒருவர் பாடலாகத் திருப்பித் தந்தார். ஒருவர் பளிங்காகத் திருப்பித் தந்தார். உங்கள் மகனோ மகளோ எதைத் திருப்பித் தருவார்கள் என்று இன்றே தெரியாது. அதுவரை அவர்கள் கேட்பதற்கு வீட்டில் ஓர் ஆள் இருந்தால் போதும்.