வெள்ளீயம் கலந்த குண்டுக்கு ஏற்ற குழல்

காரீயம் 327 டிகிரி செல்சியசில் உருகிவிடும். பெரிய உலை வேண்டாம், சிறிய அடுப்பே போதும். உருகியதை இரும்பு அச்சில் ஊற்றி ஆறவிட்டால் குண்டு தயார். செம்பு உறையிட்ட குண்டுகள் 1880களில் வரும்வரை உலகெங்கும் வேட்டைக்காரர்களும் படைவீரர்களும் சுட்டவை பெரும்பாலும் இத்தகைய ஈயக் குண்டுகளே. இன்றும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சிறு விலங்கு வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடும் போட்டிக்கும் வார்ப்புக் குண்டை விரும்புகிறவர்கள் உண்டு. அவர்களுக்கெல்லாம் அடிப்படை விதி ஒன்றே: முதலில் குண்டைத் தீர்மானிக்க வேண்டும், பிறகு அதற்கேற்ற குழலைத் தேட வேண்டும்.

தூய காரீயம் மிகவும் மென்மையானது. பிரினெல் அளவையில் அதன் கடினம் 5 அளவில்தான் இருக்கும். ரைபிள் குழலின் உட்சுவரில் சுழல்வரிகள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவற்றைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியேறுவதால்தான் நேராகப் பறக்கிறது. வேகம் கூடினால் மென்மையான ஈயம் வரிகளில் பிடிபடாமல் வழுக்கும், தேயும், குழலுக்குள் அப்பிக்கொள்ளும். இதற்கு மாற்றாக வந்தது வெள்ளீயம். இருபது பங்கு காரீயத்தோடு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்தால் கடினம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. அதைவிட முக்கியமான பலன் வார்ப்பில் கிடைக்கிறது. வெள்ளீயம் உருகிய உலோகத்தின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பி, குண்டின் விளிம்பு கூராக அமைகிறது. இன்னும் கடினம் வேண்டுமானால் ஆண்டிமனி சேர்ப்பார்கள். 90 பங்கு காரீயம், 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு ஆண்டிமனி என்பது பெயர்பெற்ற கலவை, அதன் கடினம் 15. பழைய அச்சுக்கூடங்களில் எழுத்து வார்த்த உலோகமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதனால்தான் லினோடைப் இயந்திரங்கள் கழிக்கப்பட்டபோது மேலைநாட்டுக் குண்டு வார்ப்பாளர்கள் அந்த உலோகத்தைத் தேடித்தேடி வாங்கினார்கள்.

வெள்ளீயத்தின் கதையில் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்குக்குத் தனி இடம் உண்டு. 1857இல் கிள்ளானின் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் ஆற்றின் வழியே மேலேறி, அம்பாங் பகுதியில் வெள்ளீயம் தேடினார்கள். காய்ச்சலுக்குப் பலர் பலியானாலும் அந்தத் தேடலில்தான் கோலாலம்பூர் பிறந்தது. 1867இல் தொடங்கிய சிலாங்கூர் உள்நாட்டுப் போருக்கும் வெள்ளீயத்தின் மீதான வரி வருமானமே மையக் காரணம். அந்தப் போர் நடந்துகொண்டிருந்த 1871இல்தான் பிரிட்டிஷ் படை மார்ட்டினி-ஹென்றி ரைபிளை ஏற்றது. அதன் குண்டு 31 கிராம் எடை, பன்னிரண்டு பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைத்து 1886இல் ஓடத் தொடங்கிய ரயிலும் முதன்மையாக வெள்ளீயத்துக்காகவே போடப்பட்டது. உலக வெள்ளீயத்தில் பெரும்பங்கு தகர டப்பாக்களுக்குப் போனது. குண்டுக்குப் போனது சிறு பங்குதான் என்றாலும், அந்தச் சிறு பங்கு இல்லாமல் ஈயக் குண்டு வேகமான ரைபிள்களின் காலத்துக்குள் நுழைவது கடினமாகியிருக்கும்.

இனிக் குழலின் பக்கம் வருவோம். வாய் சிறுத்த குழலில் வார்ப்புக் குண்டின் குறைகள் பெரிதாகத் தெரியும். மார்ட்டினி-ஹென்றியின் 31 கிராம் குண்டுக்குள் 0.03 கிராம் அளவுக்கு ஒரு காற்றுக்குமிழ் இருந்தால் அது ஆயிரத்தில் ஒரு பங்கு. .22 ஹார்னெட் ரைபிளின் குண்டு 3 கிராம்கூட இராது. அங்கே அதே குமிழ் நூற்றில் ஒரு பங்காகிவிடுகிறது. குமிழ் ஒரு பக்கமாக இருந்தால் எடையின் மையம் நடுவிலிருந்து விலகும், சுழலும் குண்டு தள்ளாடும். அமெரிக்கரான ஃபிராங்க்ளின் மான் குண்டுகளை வேண்டுமென்றே குறைப்படுத்திச் சுட்டுப் பார்த்து, இந்த விலகலின் விளைவுகளை 1909இல் புத்தகமாகவே வெளியிட்டார். அதனால் சிறுவாய் ரைபிளுக்கு வார்ப்பவர்கள் ஒவ்வொரு குண்டையும் தராசில் நிறுத்துப் பிரிப்பார்கள்.

குழலைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது சுழல்வரியின் வேகம். ஹார்னெட் குழலில் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் குண்டு நிமிடத்துக்குச் சுமார் 74,000 முறை சுழலும். இன்றைய ராணுவ ரைபிள்கள் சிலவற்றில் உள்ளதுபோல 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால், அதே வேகத்தில் அது 1,68,000ஐத் தாண்டும். சுழற்சி கூடக்கூட வார்ப்பின் குறையும் பெருகும், மென்மையான உலோகமும் வரிகளில் கிழியும். ஆகவே மெதுவான சுழல்வரியே வார்ப்புக் குண்டுக்கு நல்லது.

அடுத்தது அளவு. குண்டு குழலின் பள்ள விட்டத்தைவிட 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை பெரிதாக இருக்க வேண்டும். சிறுத்தால் எரிவாயு ஓரமாகப் பீறிட்டு ஈயத்தை அரித்துக் குழலில் பூசிவிடும். குழலின் உண்மையான அளவை அதன் மேல் பொறித்த எண் சொல்லாது. தோட்டா இல்லாத வெறுங்குழலுக்குள் மென்மையான ஈயத் துண்டு ஒன்றைத் தள்ளி வெளியே எடுத்து, நுண்ணளவியால் அளந்துதான் அறிய முடியும். துப்பாக்கியின் விலையைவிட இந்த அளவீடே முக்கியம் என்றால் மிகையில்லை.

வார்ப்புக் குண்டுக்கு ஏற்ற ரைபிளுக்குப் பழைய உதாரணம் மார்ட்டினி கேடட். ஆஸ்திரேலிய மாணவர் படைக்காகப் பர்மிங்ஹாமில் பிஎஸ்ஏ, கிரீனர் நிறுவனங்கள் செய்த சிறிய ஒற்றைத் தோட்டா ரைபிள் அது. .310 அளவில், சுமார் 8 கிராம் ஈயக் குண்டு சுடும். 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதால் வார்ப்புக் குண்டுக்கு இயல்பாகவே ஒத்துப்போகும். படையிலிருந்து கழித்து விற்ற பிறகு ஆயிரக்கணக்கானவை வேட்டைத் துப்பாக்கிகளாக மாறின. தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர்கள் அவற்றில் ஹார்னெட், .32-20 குழல்களைப் பொருத்தினார்கள், கட்டையைச் செதுக்கி மாற்றினார்கள், துளைவழிக் குறிநோக்கி வைத்தார்கள். ஒரு குறையும் உண்டு. பின்பக்கம் அடைத்திருப்பதால் துடைப்புக் கம்பியைக் குழல் வாய் வழியாகத்தான் விட வேண்டும், வாயின் விளிம்பு தேய்ந்தால் குறி தவறும்.

மற்ற மாற்றங்கள் சிறியவை. குண்டின் அடியில் மெல்லிய செம்புக் கிண்ணம் பொருத்தினால் சூடான வாயு ஈயத்தைத் தொடாது. அது இல்லாத குண்டு நொடிக்கு 400 மீட்டரை ஒட்டியும், உள்ள குண்டு 600 மீட்டர் வரையிலும் நன்கு பறக்கும். குண்டின் பள்ளங்களில் தேன்மெழுகு கலந்த மசகு பூசுவது வழக்கம்.

மலேசியாவில் நிலைமை முற்றிலும் வேறு. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் காவல்துறை உரிமம் கட்டாயம். உரிமமில்லாமல் துப்பாக்கி செய்வதும் பழுதுபார்ப்பதும் குற்றம். சட்டவிரோதமாக வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டம் 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. செம்பனைத் தோட்டங்களில் காட்டுப்பன்றியை விரட்ட உரிமத்தோடு பயன்படுவது பெரும்பாலும் மடக்குத் துப்பாக்கி எனப்படும் ஷாட்கன். தீபகற்ப மலேசியாவில் வேட்டைக்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதியும் வேண்டும். வேட்டைக் கட்டுப்பாடுகளுக்கு நெடிய வரலாறு உண்டு. பெருவிலங்கு வேட்டைக்காரராகப் பெயர்பெற்ற தியடோர் ஹப்பக்தான் பின்னாளில் வனவிலங்குகளுக்காக வாதாடி, இன்றைய தாமான் நெகாரா தேசியப் பூங்கா உருவாக முதன்மைக் காரணமானார்.

வார்ப்பு அனுமதிக்கப்பட்ட நாடுகளிலும் ஈயம் ஈயம்தான். காற்றோட்டமில்லாத இடத்தில் உருக்குவதும், கைகழுவாமல் சாப்பிடுவதும் நஞ்சை உடலுக்குள் சேர்க்கும், மிகக் குறைந்த அளவு ஈயம்கூடக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்துவிடும். சுட்ட விலங்கின் இறைச்சியில் தங்கும் துகள்களும் அவற்றைத் தின்னும் கழுகுகளைக் கொல்கின்றன. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டுகளை முழுமையாகத் தடை செய்துவிட்டது.