சிறைப்பட்ட தெய்வம்

1963ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரைப் பற்றி அன்பர்கள் பலர் கேள்வியுற்றிருப்பீர்கள். நீல நிறப் போலீஸ் பெட்டியொன்றை வாகனமாகக் கொண்டு, காலங்களையும் கிரகங்களையும் கடந்து திரியும் ஒருவரே அதன் நாயகர். அத்தொடரின் கதைகளுள் 'செவ்வாயின் பிரமிடுகள்' என்பது 1975 அக்டோபர் 25 முதல் நவம்பர் 15 வரை, வாரத்துக்கொன்றாக நான்கு பகுதிகளில் வெளிவந்தது. டாக்டராக டாம் பேக்கரும், அவருடைய தோழி சாராவாக எலிசபெத் ஸ்லேடனும் நடித்தனர்.

கதை நிகழும் ஆண்டு 1911. மார்கஸ் ஸ்கார்மன் என்னும் ஆராய்ச்சியாளர் எகிப்தில் ஒரு கல்லறையைத் திறக்கிறார். உள்ளே பல்லாயிரம் ஆண்டுகளாக அசைய இயலாது கட்டுண்டு கிடப்பவன் சூடெக். எகிப்தியர் தெய்வங்களெனத் தொழுதவர்கள் வேற்றுலகத்து வல்லவர்களே என்பது கதையின் கற்பனை. உயிர்கள் யாவற்றையும் அழிக்க முனைந்த சூடெக்கை, ஹோரஸின் தலைமையில் 740 பேர் கூடி அடக்கினார்களாம். அவனைப் பிணித்திருக்கும் விசை செவ்வாய்க் கிரகத்துப் பிரமிடு ஒன்றிலிருந்து வருகிறது. அதைத் தகர்ப்பதற்காக, மாண்ட மார்கஸின் உடலையே அவன் ஏவலாளாக்கி இங்கிலாந்துக்கு அனுப்புகிறான். துணைக்கு வருபவை சவத்துணி சுற்றிய இயந்திரப் பொம்மைகள்!

பொம்மைகளைக் கண்டு பிள்ளைகள் அஞ்சலாம். நம்மை அஞ்ச வைப்பது சூடெக்கின் குரலே. கேப்ரியல் உல்ஃப் என்னும் நடிகர் முகமூடிக்குள் அமர்ந்தபடி, அதட்டாமல், உரக்கக் கூவாமல், தேன் ஒழுகுவதுபோல் பேசுகிறார். அதனினும் மனத்தை வருத்துவது மார்கஸின் தம்பி லாரன்ஸின் நிலை. அண்ணனின் உடலில் அண்ணன் இல்லை என்று டாக்டர் எத்துணை முறை எடுத்துரைத்தும் அவர் மனம் ஒப்பவில்லை. இளமைக்கால நினைவுகளைச் சொல்லி அவ்வுடலை அழைக்கிறார். ஒரு கணம் அதுவும் தடுமாறுகிறது. பின்னர் அந்தக் கைகளாலேயே மடிகிறார்.

இன்னொரு காட்சியும் குறிப்பிடத்தக்கது. தான் 1980ஐச் சேர்ந்தவள், எனவே 1911இல் உலகம் அழியவில்லை என்பது தெரிந்ததே, நாம் போய்விடலாமே என்கிறாள் சாரா. டாக்டர் வாதிடாமல் அவளை 1980க்கே அழைத்துச் சென்று கதவைத் திறக்கிறார். வெளியே புயல் வீசும் பாழ்நிலம்! இருவரும் மௌனமாகத் திரும்புகின்றனர்.

முடிவில், செவ்வாயிலிருந்து வரும் விசை பூமியை அடையச் சில நிமிடங்கள் ஆகும் என்ற கணக்கைக் கொண்டே டாக்டர் வெல்கிறார். மெய்யாகவே ரேடியோ அலைகளுக்கு அத்தூரத்தைக் கடக்க, கிரகங்களின் நிலைக்கேற்ப, ஏறக்குறைய 3 முதல் 22 நிமிடங்கள் வேண்டும். தந்தி கொடுத்தும் வண்டி வந்து சேரும் நேரம் பார்த்தும் பழகிய ரயில்வேக்காரனுக்கு இந்த முடிவு மிகவும் பிடித்துப்போயிற்று.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முக்கியமான எகிப்தியப் பாத்திரமாக வருபவர் நமின் ஒருவரே. அவர் தம் தெய்வத்தைத் தொழுது நிற்கையில், அத்தெய்வத்தின் ஏவலாளே அவரைக் கொன்றுவிடுகிறான். சூடெக் என்பது சேத் என்னும் பழைய தெய்வத்தின் மறுபெயர். ஒசைரிசைக் கொன்றவன் அவன் என்பது உண்மையே. ஆனால் கதிரவன் ரேயின் ஓடத்தின் முன்னே நின்று, அபோபிஸ் என்னும் பாம்பை ஈட்டியால் குத்துபவனும் அவனே. அவன் பெயரையே சேத்தி என்று மன்னர்கள் சூட்டிக்கொண்டனர். இரண்டாம் ராம்சேஸின் படைப்பிரிவு ஒன்றும் அப்பெயர் தாங்கியது. ஹோரஸுக்கும் சேத்துக்கும் நடந்த வழக்கைக் கூறும் பழைய பாப்பிரஸ் சுவடியில், ஆட்சி ஹோரஸுக்கே போகிறது. தோற்ற சேத்தையோ ரே தம் மகன்போல் உடன் வைத்துக்கொண்டு, வானில் இடியாய் முழங்கும் பணியைத் தருகிறார்.

தொழுவார் இன்றிப் போன தெய்வத்தைப் பேயாக்கினால் கேட்பார் யார்? 'இது சாமியா, பூதமா?' என்று நம் பிள்ளைகள் வினவினால், இச்செய்திகளையும் சேர்த்தே சொல்வது நன்று.

49 ஆண்டுகளுக்குப் பின், 2024இல் அதே கேப்ரியல் உல்ஃபின் குரலோடு சூடெக் அத்தொடருக்குத் திரும்பி வந்தான். இம்முறை பெரிய நாயின் உருவம். மரணத்தின் தெய்வம் என்ற பட்டம். இப்போதும் அவனுக்குக் கிடைத்தது மரண தண்டனையே.