வீரனைச் செதுக்குவது யார்: பகடையா, பிறப்பா, நீங்களா?

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர். ஆளுக்கொரு தாள், ஒரு பென்சில், சில பகடைகள். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட இவ்வளவு போதும். கணினித் திரை தேவையில்லை. ஒருவர் கதையை நடத்துவார். அவருக்கு ‘டஞ்சன் மாஸ்டர்’ என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி, அந்தக் கற்பனை உலகில் தாங்கள் செய்வதை வாயால் சொல்லி விளையாடுவார்கள்.

கதை தொடங்கும் முன்பே ஒரு பெரிய வேலை காத்திருக்கும். ‘என் கதாபாத்திரம் யார்? அவரால் என்ன முடியும்?’ என்று முடிவு செய்து தாளை நிரப்ப வேண்டும். அந்த முடிவை எடுப்பது யார்? ஐம்பது ஆண்டுகளில் இந்த விளையாட்டு இக்கேள்விக்குப் பல பதில்களைச் சொல்லிவிட்டது. ஒருவரின் திறமை எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கும் மாணவர்களுக்கு அந்த மாற்றங்கள் சுவையான பாடம்.

பகடை சொன்னதே விதி

அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் இருவரும் உருவாக்கிய இந்த விளையாட்டு 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, லாவகம், வசீகரம் என ஒரு கதாபாத்திரத்திற்கு ஆறு திறன்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகளை உருட்டி, விழுந்த எண்களைக் கூட்டி எழுத வேண்டும். கூட்டுத்தொகை பெரும்பாலும் 10, 11ஐ ஒட்டியே வரும். உச்ச எண்ணான 18 விழுவதற்கு 216ல் ஒரு வாய்ப்புதான்.

மந்திரவாதியாக ஆசைப்பட்டவருக்கு அறிவு 6 என்று விழுந்தால், ஆசையை மாற்றிக்கொள்வதே நல்லது. கதாபாத்திரத்தை நாம் உருவாக்குவதைவிட, அது நம் கையில் வந்து விழுந்தது என்றே சொல்ல வேண்டும். கிடைத்ததை வைத்துச் சமாளிப்பதில்தான் ஆட்டத்தின் சுவை இருந்தது.

பிறப்பு போட்ட வேலி

பகடையாவது எல்லாருக்கும் ஒரே மாதிரி உருண்டது. இனம் அப்படியில்லை. அந்த முதல் பதிப்பில், ‘டுவார்ஃப்’ எனும் குள்ளர் இனத்தவர் போர்வீரராக 6ஆம் நிலைக்கு மேல் உயர முடியாது. அவர்களைவிடச் சிறிய ‘ஹாபிட்’ இனத்தவருக்கு 4ஆம் நிலையே எல்லை. மனிதர்களுக்கு அத்தகைய எல்லை இல்லை. 1978ல் வந்த விளையாட்டாளர் கையேடு, பெண் கதாபாத்திரங்களின் வலிமைக்கு ஆண்களைவிடக் குறைந்த உச்சவரம்பை விதித்தது. டிராகன் பறக்கும் உலகில், ஒரு பெண் ஆணளவு வலிமையோடு இருப்பதை மட்டும் விதிகள் ஏற்கவில்லை!

பெண்களுக்கான வரம்பு 1989ல் வந்த இரண்டாம் பதிப்பில் நீங்கியது. இனங்களுக்கான நிலை வரம்பு 2000ல் வந்த மூன்றாம் பதிப்பில் மறைந்தது. ஆனாலும் பிறப்பு தரும் கூடுதல் புள்ளிகள் தொடர்ந்தன. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில், பாதி ஆர்க் இனத்தவருக்கு வலிமையில் 2 புள்ளிகள் கூடும். அறிவில் எதுவும் கூடாது. அவர் மந்திரவாதியாக விரும்பினால், பந்தயத்தைச் சற்றுப் பின்னால் நின்றே தொடங்க வேண்டும்.

எண்ணி வாங்கும் திறமை

இதற்கிடையே வேறொரு வழியும் பரவியது. 1981ல் வெளிவந்த ‘சாம்பியன்ஸ்’ எனும் சூப்பர் ஹீரோ விளையாட்டில் பகடைக்குப் பதிலாகப் புள்ளிகளைச் செலவிட்டுத் திறன்களை வாங்கலாம். எதிரி ஒருவர் துரத்துவது போன்ற பலவீனங்களை ஏற்றுக்கொண்டால் கூடுதல் புள்ளிகள் கிடைக்கும்.

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டிலும் இன்று அப்படியொரு முறை உண்டு. எல்லாத் திறன்களும் 8ல் தொடங்கும். கையில் 27 புள்ளிகள். ஒரு திறனை 13க்கு உயர்த்த 5 புள்ளிகள், 15க்கு உயர்த்த 9 புள்ளிகள். மூன்று திறன்களை 15 ஆக்கினால் கை காலி. மற்ற மூன்றும் 8லேயே நிற்கும். அல்லது மூன்றை 13, மூன்றை 12 என வைத்து எல்லாவற்றிலும் ஓரளவு தேர்ந்தவராக இருக்கலாம். எதைப் பெறுவது என்பதோடு எதை விட்டுக்கொடுப்பது என்பதையும் நீங்களே முடிவு செய்ய வேண்டும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கணக்குப் போட்டு ‘மிகச் சிறந்த’ சேர்க்கையைத் தேடினால், எல்லா மந்திரவாதிகளும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆகிவிடுவார்கள். உண்மையில் அந்த எண்களின் பலம் எவ்வளவு? ஒரு செயலில் வெற்றியா தோல்வியா என்பதை 20 முகப் பகடை முடிவு செய்கிறது. திறன் 8 என்றால் விழுந்த எண்ணில் 1 குறையும். 15 என்றால் 2 கூடும். இருவருக்கும் இடைவெளி 3 மட்டுமே. அதாவது, பெரும்பாலான முயற்சிகளில் 15 விழுக்காட்டு வாய்ப்பு வித்தியாசம். மற்றதெல்லாம் பகடையின் போக்கும் உங்கள் யோசனையும்தான்.

வளர்ந்த கதை

2014ஆம் ஆண்டுப் பதிப்பு, எண்களோடு நான்கு விஷயங்களையும் எழுதச் சொன்னது: குணம், இலட்சியம், பிணைப்பு, குறை. 2020ல் வந்த ஒரு துணை நூல், இனம் தரும் கூடுதல் புள்ளிகளை விரும்பிய திறனுக்கு மாற்றிக்கொள்ள அனுமதித்தது. 2024ஆம் ஆண்டுக் கையேடு இன்னும் ஒரு படி மேலே சென்று, அப்புள்ளிகளைப் பிறப்பிலிருந்து பிரித்துக் கதாபாத்திரத்தின் கடந்த கால வாழ்க்கையோடு இணைத்தது. விவசாயியாக வாழ்ந்தவர் வலிமை, உடலுறுதி, விவேகம் ஆகியவற்றில் உயரலாம். அவர் ஆர்க்கா, எல்ஃபா என்பது அதை மாற்றாது. இருட்டில் பார்க்கும் ஆற்றல் போன்ற இன இயல்புகள் மட்டும் நீடிக்கின்றன.

எல்லாருக்கும் இது பிடித்துவிடவில்லை. இனங்களுக்கு இடையிலான தனித்தன்மை மங்கிவிட்டது என்பது சிலரின் வருத்தம். இன்னொரு கேள்வியும் எழுகிறது. வயலில் வளர்வதா, மாளிகையில் வளர்வதா என்பதை எந்தக் குழந்தை தேர்ந்தெடுக்கிறது? வளர்ந்த சூழலும் ஒரு வகையில் உருட்டப்பட்ட பகடைதானே? நண்பர்களோடு உட்கார்ந்து வாதிட ஏற்ற தலைப்பு இது.

நீங்களும் உருவாக்கலாம்

அடிப்படை விதிகளை வெளியீட்டு நிறுவனம் இலவசமாகவே வழங்குகிறது. ஆங்கிலத்தில்தான் விளையாட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பெயரைத் தமிழில் சூட்டி, தமிழிலேயே பேசி விளையாடிப் பாருங்கள்.

எண்களை எழுதுமுன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். இவர் யாருக்காக ஆபத்தில் இறங்குவார்? எதைக் கண்டால் தடுமாறுவார்? இவரால் முடியாததைக் குழுவில் யார் செய்வார்? மூன்றாவது கேள்வியை மறக்காதீர்கள். உங்கள் தாளில் இருக்கும் அந்த 8தான் பக்கத்தில் இருப்பவருக்குக் கதையில் ஒரு வேலையைத் தரும். பூட்டைத் திறக்கத் தெரியாத வீரனுக்கு, திறக்கத் தெரிந்த தோழி வேண்டும்.

தாள் முழுவதையும் முதல் நாளே நிரப்பிவிட வேண்டாம். சில வரிகளைக் காலியாக விடுங்கள். ஆட்டம் போகப் போக அவை நிரம்பும்.